எழுத்தும் எண்ணும் கலந்த எக்செல் செல்: எண்ணைப் பிரித்தெடுப்பது எப்படி? எங்கே தவறு நடக்கும்?

2024 மார்ச் 21. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு பிடிஎஃப் கோப்புகள் ஏறின. ஒன்று 386 பக்கம், இன்னொன்று 552 பக்கம். முதல் கோப்பில் தேர்தல் பத்திரங்களை யார் வாங்கினார்கள் என்ற விவரம். இரண்டாவதில் எந்தக் கட்சி அவற்றைப் பணமாக்கியது என்ற விவரம்.

ஒரு வாரத்துக்கு முன்பே, மார்ச் 14 அன்று, இதே தகவலின் ஒரு வடிவம் வெளியாகியிருந்தது. ஆனால் அதை வைத்து "இந்த நிறுவனம் இந்தக் கட்சிக்குக் கொடுத்தது" என்று சொல்ல முடியவில்லை. இரண்டு பட்டியலையும் இணைக்கும் கண்ணி அதில் இல்லை. உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட்ட பிறகு, மார்ச் 21 அன்று அந்தக் கண்ணி வந்தது: ஒவ்வொரு பத்திரத்தின் மீதும் இருந்த இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும்.

எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு அண்மைக்கால இந்தியாவில் இதைவிடப் பெரிய உதாரணம் சொல்வது கடினம். பத்திரங்களில் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று இருக்கிறது, புறஊதா ஒளியில்தான் அது தெரியும் என்பதை 2018-லேயே 'தி குவின்ட்' இணையதளத்தில் பத்திரிகையாளர் பூனம் அகர்வால் வெளிக்கொண்டு வந்திருந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து அந்த எண்தான் எல்லாக் கணக்குக்கும் அடிப்படையாக அமைந்தது.

இப்படிக் கலந்து கிடக்கும் தகவலில் இருந்து எண்ணை எப்படிப் பிரிப்பது? பிரிக்கும்போது எதை இழந்துவிடக் கூடாது? ஹைதராபாத்தில் தினமும் கையில் வரும் உதாரணங்களோடு பார்ப்போம்.

'ஓசி', 'டிஎல்' என்றால் என்ன?

தேர்தல் பத்திரங்கள் ஐந்து மதிப்புகளில் மட்டுமே விற்கப்பட்டன: ரூ.1,000, ரூ.10,000, ரூ.1 லட்சம், ரூ.10 லட்சம், ரூ.1 கோடி. பத்திர எண்ணுக்கு முன்னால் வரும் இரண்டு எழுத்து அந்த மதிப்பைக் குறிக்கும். 'ஓடி' என்றால் ஒன் தௌசண்ட், 'டிடி' என்றால் டென் தௌசண்ட், 'ஓஎல்' ஒன் லாக், 'டிஎல்' டென் லாக், 'ஓசி' ஒன் குரோர். நம்மூர்ப் பேச்சில் 'ஓசி' என்றால் இலவசம். இந்தப் பட்டியலில் 'ஓசி' என்றால் ஒரு கோடி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. "எனக்கு எண் மட்டும் போதும்" என்று நினைத்து அந்த இரண்டு எழுத்தையும் வெட்டி எறிந்துவிட்டால், ஒரு லட்ச ரூபாய் பத்திரமும் ஒரு கோடி ரூபாய் பத்திரமும் ஒரே எண்ணுடன் நிற்க வாய்ப்பு உண்டு. அப்போது ஒருவர் வாங்கியது இன்னொருவர் கணக்கில் போய்ச் சேரும். எனவே எண்ணைத் தனியாகப் பிரித்தாலும், இரண்டு பட்டியலையும் இணைக்கும்போது எழுத்தையும் எண்ணையும் மறுபடி ஒட்டி ஒரே சாவியாக்கித்தான் தேட வேண்டும்.

அந்த இணைப்பில் என்ன தெரிந்தது?

ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மேகா இன்ஜினியரிங் அண்ட் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்ஸ் நிறுவனம் ரூ.966 கோடிக்குப் பத்திரங்களை வாங்கியிருந்தது. நாட்டிலேயே இரண்டாவது பெரிய தொகை இது. முதலிடம், ரூ.1,368 கோடியுடன், கோவை முகவரி கொண்ட ஃப்யூச்சர் கேமிங் நிறுவனத்துக்கு. மேகா என்ற பெயரும் தொகையும் மார்ச் 14 அன்றே தெரிந்துவிட்டன. யாருக்குப் போனது என்பது மட்டும் தெரியவில்லை.

மார்ச் 21-க்குப் பிறகு அது தெரிந்தது. பாஜகவுக்கு ரூ.580 கோடிக்கு மேல். தெலங்கானாவில் 2023 டிசம்பர் வரை ஆட்சியில் இருந்த பிஆர்எஸ் கட்சிக்கு ரூ.195 கோடி. இந்தப் பட்டியலின்படி பிஆர்எஸ் மொத்தம் சுமார் ரூ.1,214 கோடியைப் பெற்று, கட்சிகளில் நான்காம் இடத்தில் இருந்தது. அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது. இவ்வளவும் இரண்டெழுத்தையும் ஒரு எண்ணையும் சரியாகக் கையாண்டதால் கிடைத்த தகவல்.

எண் ஏன் எண்ணாக இருப்பதில்லை?

ஒரு செல்லில் "ரூ.5,000" என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் நமக்கு அது ஐயாயிரம். எக்செலுக்கு அது பெரும்பாலும் வெறும் எழுத்துக் கோவை. அப்படிப்பட்ட நூறு செல்களை 'சம்' ஃபங்ஷனில் கொடுத்தால் விடை 0 என்று வரும். எந்த எச்சரிக்கையும் வராது.

கண்டுபிடிக்க எளிய வழி: நாம் எந்த அலங்காரமும் செய்யாத ஷீட்டில், எண்கள் செல்லின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடது ஓரத்தில் நிற்கும். ஒரே நெடுவரிசையில் சில இடது, சில வலது என்று இருந்தால் அங்கே கலப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

பிரிக்க என்னென்ன வழிகள்?

1. ஃப்ளாஷ் ஃபில்

ஃபார்முலா தெரியாதவர்களுக்கு இதுதான் முதல் வழி. பக்கத்து நெடுவரிசையில் முதல் ஒன்றிரண்டு வரிசைகளுக்கு விடையை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல் விசையுடன் 'இ' எழுத்து விசையை அழுத்துங்கள். மீதியை எக்செலே ஊகித்து நிரப்பிவிடும். இந்த வசதி எக்செல் 2013-இல் வந்தது. இதன் பின்னால் இருப்பது கான்பூர் ஐஐடியில் படித்த, மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சின் சுமித் குல்வானியின் ஆராய்ச்சி.

குறை என்ன? இது ஊகம்தான். நாம் காட்டிய உதாரணத்தில் இல்லாத வடிவம் ஒன்று 4,000-ஆவது வரிசையில் வந்தால் தப்பாக நிரப்பிவிட்டுப் போய்விடும். தவிர, இது ஃபார்முலா இல்லை. மூலத் தகவலை மாற்றினால் விடை தானாக மாறாது.

2. இடம் நிலையாக இருந்தால் லெஃப்ட், மிட், ரைட்

தேர்தல் பத்திரம் போல முதல் இரண்டும் எப்போதும் எழுத்துதான் என்று உறுதியாகத் தெரிந்தால் 'லெஃப்ட்' ஃபங்ஷனில் 2 என்று கொடுத்து எழுத்தை எடுக்கலாம். 'மிட்' ஃபங்ஷனில் மூன்றாவது இடத்திலிருந்து எடுக்கச் சொன்னால் எண் வந்துவிடும்.

ஜிஎஸ்டி எண்ணும் இப்படித்தான். மொத்தம் 15 இடம். முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: தெலங்கானா 36, தமிழ்நாடு 33. அடுத்த பத்து இடம் பான் எண். ஒரு டெண்டர் பட்டியலில் எத்தனை ஒப்பந்ததாரர்கள் எந்த மாநிலப் பதிவு என்று பார்க்க முதல் இரண்டு இலக்கமே போதும்.

3. இடம் மாறிக்கொண்டே இருந்தால் ரீஜெக்ஸ்

கூகுள் ஷீட்ஸில் 'ரீஜெக்ஸ்எக்ஸ்ட்ராக்ட்', 'ரீஜெக்ஸ்ரிப்ளேஸ்' என்று இரண்டு ஃபங்ஷன்கள் உண்டு. எக்செலின் புதிய 365 பதிப்புகளிலும் இதே வேலையைச் செய்யும் ஃபங்ஷன்கள் வந்துவிட்டன. லிப்ரே ஆஃபீஸில் 'ரீஜெக்ஸ்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

[0-9]+ என்று கொடுத்தால் "முதலில் வரும் இலக்கக் கூட்டத்தை எடு" என்று பொருள். [^0-9] என்று கொடுத்து அதை வெறுமையால் மாற்றச் சொன்னால் "இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் அழி" என்று பொருள். இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் விடை வேறு. அதைக் கீழே பார்ப்போம்.

4. பவர் குவெரி

எக்செல் 2016 முதல் உள்ளேயே இருக்கும் வசதி இது. 'டேட்டா' மெனுவில் போனால், எழுத்து முடிந்து இலக்கம் தொடங்கும் இடத்தில் நெடுவரிசையை இரண்டாக உடைக்கச் சொல்லலாம். மாதாமாதம் ஒரே வடிவத்தில் கோப்பு வருகிறது என்றால் இதுதான் நல்லது. ஒருமுறை செய்த படிகளை அடுத்த கோப்பிலும் அப்படியே ஓட்டலாம்.

எந்த வழியில் பிரித்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம். ரீஜெக்ஸும் மிட்டும் தருவது இன்னும் எழுத்துக் கோவைதான். கூட்டல், சராசரி போட வேண்டும் என்றால் அதை 'வேல்யூ' ஃபங்ஷனுக்குள் போட்டு எண்ணாக மாற்ற வேண்டும்.

எங்கெல்லாம் தவறு நடக்கும்?

கமா: "ரூ.1,00,00,000" என்ற செல்லில் [0-9]+ கொடுத்தால் விடை 1. ஒரு கோடி ஒரு ரூபாய் ஆகிவிடும். முதலில் 'சப்ஸ்டிட்யூட்' ஃபங்ஷனால் கமாவை நீக்கிவிட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

புள்ளி: பைசாவும் வேண்டுமே என்று [0-9.]+ கொடுத்தால் இன்னொரு ஆபத்து. "ரூ.500" என்பதில் 'ரூ'-வுக்குப் பின்னால் இருக்கும் புள்ளியையும் சேர்த்து ".500" என்று எடுக்கும். எண்ணாக மாற்றினால் 0.5. ஐந்நூறு ரூபாய் ஐம்பது பைசா ஆகிறது. [0-9]+\.?[0-9]* என்று எழுதினால் கட்டாயம் இலக்கத்தில்தான் தொடங்கும், இந்தச் சிக்கல் வராது.

ஒரு செல்லில் இரண்டு எண்கள்: தெலங்கானா வாகனப் பதிவெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். "டிஜி 09 ஏ 1234" என்ற வடிவத்தில் முதல் இலக்கக் கூட்டத்தை எடுத்தால் 09, அதாவது ஆர்டிஓ குறியீடு மட்டும். இலக்கம் அல்லாததை எல்லாம் அழித்தால் 091234 என்று இரண்டும் ஒட்டிக்கொள்ளும். "10-15 லட்சம்" என்பதும் இதே வழியில் 1015 ஆகிவிடும். எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

இதில் எழுத்தும் ஒரு வரலாறு சொல்லும். 2014-இல் மாநிலம் பிரிந்தபோது 'ஏபி' என்பது 'டிஎஸ்' ஆனது. 2024 மார்ச்சில் அது 'டிஜி' ஆனது. வண்டி ஏறக்குறைய எந்தக் காலகட்டத்தில் பதிவானது என்ற தகவல் அந்த இரண்டு எழுத்தில்தான் இருக்கிறது.

தேதியாக மாறுவது: ஹைதராபாத்தின் பழைய பகுதிகளில் வீட்டு எண் வார்டு-பிளாக்-வீடு என்ற வரிசையில் வரும். "3-6-12" போன்ற ஒரு கதவிலக்கத்தைத் தட்டச்சு செய்தால் எக்செல் அதை ஒரு தேதியாக மாற்றிவிடும். "12/3" என்ற சர்வே எண்ணுக்கும் இதே கதிதான். மாறிய பிறகு திரும்பப் பெற முடியாது. உள்ளே வேறு எண் உட்கார்ந்திருக்கும். எனவே தகவலை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். மரபணு ஆய்வாளர்களுக்கே இந்தச் சிக்கல் இருந்தது. மார்ச், செப்டம்பர் போல ஒலித்த மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், அவற்றின் பெயர்களையே 2020-இல் மாற்ற வேண்டியதாயிற்று.

முன்னால் வரும் பூஜ்யம்: ஹைதராபாத்தின் எஸ்டிடி குறியீடு 040. எண்ணாக மாற்றினால் 40. தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை யாரும் கூட்டப்போவதில்லை. கூட்ட வேண்டியதில்லை என்றால் எண்ணாக மாற்றவே வேண்டாம். 15 இலக்கத்துக்கு மேல் நீளமான எண் என்றால் கட்டாயம் மாற்றக் கூடாது. எக்செல் 15 இலக்கம் வரைதான் சரியாக நினைவில் வைக்கும், மீதியைப் பூஜ்யமாக்கிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி: இணையப் பக்கத்திலிருந்தும் பிடிஎஃப்பிலிருந்தும் எடுத்த தகவலில் சாதாரண ஸ்பேஸ் போலவே தோன்றும் வேறொரு எழுத்து இருக்கும். அதன் குறியீட்டு எண் 160. 'ட்ரிம்' ஃபங்ஷன் இதை நீக்காது. தனியாக 'சப்ஸ்டிட்யூட்' போட வேண்டும். தேர்தல் பத்திரப் பட்டியலிலேயே நிறுவனப் பெயர்களில் 'லிமிடெட்' என்ற சொல் நடுவில் இடைவெளி விழுந்து இரண்டாக உடைந்திருந்தது. அப்படியே பெயர்வாரியாகக் கூட்டினால் ஒரே நிறுவனம் இரண்டு நிறுவனமாகப் பிரிந்து தொகை குறைந்து தெரியும்.

ஓ-வும் பூஜ்யமும்: ஸ்கேன் செய்த தாளை ஓசிஆர் மூலம் படிக்க வைத்தால், ஆங்கில 'ஓ' எழுத்து சில நேரம் பூஜ்யமாகிவிடும். எழுத்து எண்ணாக மாறினால் அது பத்திர எண்ணின் முன்னால் போய் ஒட்டிக்கொள்ளும்.

புள்ளிக்குப் பின்னால் இருப்பது பின்னம் அல்ல என்றால்?

இது தெலங்கானாவில் நிலத் தகவலைத் தொடும் எல்லோருக்கும் முக்கியமானது. இங்கே நிலப்பரப்பை ஏக்கர், குண்டா என்று எழுதுவார்கள். ஒரு ஏக்கருக்கு 40 குண்டா. ஒரு குண்டா என்பது 121 சதுர கெஜம், நம் கணக்கில் 1,089 சதுர அடி.

"2.30" என்று எழுதியிருந்தால் அது இரண்டு ஏக்கர் முப்பது குண்டா. அதாவது 2.75 ஏக்கர். ஒரு விவசாயிக்கு 2.30-ம் 1.20-ம் என இரண்டு துண்டு நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செல்லில் இருந்து எண்ணைப் பிரித்து அப்படியே கூட்டினால் 3.50 என்று வரும். உண்மைக் கணக்கு: 2 ஏக்கர் 30 குண்டா, 1 ஏக்கர் 20 குண்டா. மொத்தம் 3 ஏக்கர் 50 குண்டா, அதாவது 4 ஏக்கர் 10 குண்டா. தசமத்தில் 4.25. நாம் போட்ட 3.5 ஏக்கரில் முக்கால் ஏக்கரைக் காணோம்! தமிழ்நாட்டுக் கணக்கில் 75 சென்ட்.

இன்னொன்று: "2.30"-ஐ எண்ணாக மாற்றியவுடன் கடைசிப் பூஜ்யம் போய் 2.3 ஆகிவிடும். அது மூன்று குண்டாவா, முப்பதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சரியான வழி: எழுத்து வடிவத்திலேயே வைத்துக்கொண்டு, புள்ளிக்கு முன்னால் இருப்பதை ஒரு நெடுவரிசையிலும் பின்னால் இருப்பதை இன்னொன்றிலும் பிரியுங்கள். பிறகு குண்டாவை 40-ஆல் வகுத்து ஏக்கருடன் கூட்டுங்கள். குண்டா நெடுவரிசையில் 39-க்கு மேல் ஏதாவது எண் இருந்தால், அந்த வரிசை வேறு முறையில் பதிவாகியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

தமிழ்நாட்டுப் பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் என்று வரும். அங்கே ஒரு ஹெக்டேருக்கு 100 ஏர் என்பதால் பின்னக் கணக்கு ஒத்துப்போகும். அதே ஃபார்முலாவைத் தெலங்கானா கோப்பில் போட்டால் ஒத்துப்போகாது. லட்சம், கோடிக்கும் இது பொருந்தும். "1.5 கோடி", "45 லட்சம்" என்று கலந்திருக்கும் நெடுவரிசையில் எண்ணை மட்டும் எடுத்தால் 45 பெரியது, 1.5 சிறியது. அலகைத் தனி நெடுவரிசையில் பிரித்து, பெருக்கிய பிறகுதான் ஒப்பிட முடியும்.

பிரித்தது சரியா என்று எப்படிச் சோதிப்பது?

செய்தி அறையில் வெளியிடும் முன் செய்ய வேண்டிய சோதனைகள் இவை. வீட்டுக் கணக்குக்கும், சங்கத்தின் சந்தாக் கணக்குக்கும் இவையே போதும்.

ஒன்று: மூல நெடுவரிசையை ஒருபோதும் தொடாதீர்கள். பிரித்ததைப் பக்கத்தில் புதிய நெடுவரிசையில் வையுங்கள்.

இரண்டு: 'கவுண்ட்ஏ' ஃபங்ஷன் நிரம்பிய செல்களை எண்ணும், 'கவுண்ட்' ஃபங்ஷன் எண்களை மட்டும் எண்ணும். மூலத்தில் முதலாவதும் புதியதில் இரண்டாவதும் ஒரே விடை தர வேண்டும். வித்தியாசம் இருந்தால் அத்தனை வரிசை பிரியவில்லை.

மூன்று: மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண் இரண்டையும் பாருங்கள். 0.5, 1, 1015 போன்ற விசித்திரங்கள் ஓரங்களில்தான் ஒதுங்கும்.

நான்கு: தெரிந்த மொத்தத்துடன் ஒப்பிடுங்கள். தேர்தல் பத்திரத்தில் வாங்கியதாக 18,871 வரிசைகள், மொத்தம் சுமார் ரூ.12,155 கோடி. பணமாக்கியதாக 20,421 வரிசைகள், சுமார் ரூ.12,769 கோடி. உங்கள் ஷீட்டின் கூட்டல் இதற்குப் பொருந்த வேண்டும். எழுத்தையும் மதிப்பையும் குறுக்காக வைத்துப் பார்ப்பதும் நல்ல சோதனை: 'ஓசி' என்ற ஒவ்வொரு வரிசையிலும் மதிப்பு ரூ.1 கோடியாகத்தான் இருக்க வேண்டும்.

ஐந்து: பொருந்தாததை எல்லாம் பிழை என்று நினைக்க வேண்டாம். வாங்கியதைவிடப் பணமாக்கியது 1,550 வரிசைகள் அதிகமாக இருப்பது ஏன்? பட்டியல் 2019 ஏப்ரல் 12-இல் தொடங்குகிறது. அதற்கு முன்பே வாங்கிய பத்திரங்களைக் கட்சிகள் அதற்குப் பிறகு பணமாக்கியிருக்கின்றன. அவற்றை வாங்கியது யார் என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அந்த இடத்தை வெற்றாக விட வேண்டும். ஏதோ ஒரு பெயருடன் பொருந்த வைப்பதற்காக விதியைத் தளர்த்தினால், கொடுக்காதவர் கொடுத்ததாக நாமே எழுதிவிடுவோம்.

பிரிக்க வேண்டிய நிலையே வராமல் இருக்க?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே), தகவலை மின்னணு வடிவில் பெறும் உரிமையையும் தருகிறது. கணினியில் சேமிக்கப்பட்டுள்ள தகவல் என்றால், மனுவிலேயே "எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பாகத் தரவும்" என்று எழுதலாம். 2012-இல் வந்த தேசியத் தகவல் பகிர்வுக் கொள்கையும், 2016-இல் தெலங்கானா அரசு வெளியிட்ட திறந்த தகவல் கொள்கையும் கணினி படிக்கக்கூடிய வடிவத்தையே வலியுறுத்துகின்றன. அவற்றை மனுவில் குறிப்பிடுவது பலன் தரும்.

நீங்களே ஒரு ஷீட் தொடங்குகிறீர்கள் என்றால் இன்னும் எளிது. தொகைக்கு ஒரு நெடுவரிசை, அலகுக்கு ஒன்று, குறிப்புக்கு ஒன்று என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். "ரூ.500 (ஜிபே, பாக்கி 200)" என்று ஒரே செல்லில் எழுதினால், வருடக் கடைசியில் அதைப் பிரிக்க உட்காரப்போவதும் நீங்கள்தான்.